மிரட்டலுக்கு நிகர்ச்சொல் உண்டா?

ஆங்கில–போர்த்துக்கீசியச் சொற்பட்டியல்களில் மிரட்டலுக்கென்று ஒரு பகுதி இருக்கும். இந்தப் பக்கம் 'த்ரெட்', அந்தப் பக்கம் 'அமெயாசா'. 'இன்டிமிடேஷ'னுக்கு 'இன்திமிதசாவ்', 'பிளாக்மெயி'லுக்கு 'ஷந்தாஜெம்'. எதிரெதிரே நிறுத்தியாச்சு, கணக்கு நேர் என்கிற பாவனை. இந்தக் கணக்கை நான் நம்பவில்லை. மிரட்டல் வெறும் சொல் அல்ல, ஓர் அதிகார உறவு. உறவை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பெயர்க்கிறபோது, மிரட்டியவன் சத்தமில்லாமல் நழுவிப்போகிறான்.

வேர்களைப் பார்த்தாலே விரிசல் தெரியும். ஆங்கில 'மெனஸ்', போர்த்துக்கீசிய 'அமெயாசா' இரண்டும் ஒரே லத்தீன் வயிற்றில் பிறந்தவை. 'த்ரெட்' அப்படியல்ல, பழைய ஆங்கிலத்தில் அது கூட்டத்தையும் நெருக்குதலையும் குறித்தது. 'பிளாக்மெயி'லில் உள்ள 'மெயில்' தபால் இல்லை, வாரம். 16ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் கொள்ளை போகாமலிருக்கக் கொள்ளைக்காரனுக்கே கட்டிய வாரம். 'ஷந்தாஜெம்' பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒருவனைப் 'பாடவைப்பது' என்பது அதன் அடிப்படை. ஒன்று காசைப் பிடுங்குகிறது, இன்னொன்று வாயைப் பிடுங்குகிறது. இவை எப்படி நிகராகும்?

அதே 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்துமாக்கடலில் செய்ததும் இதுதான். 'கார்த்தாஸ்' என்ற அனுமதிச்சீட்டு இல்லாத கப்பலைப் பிடிப்பார்கள். யாரிடமிருந்து ஆபத்தோ அவனிடமே பாதுகாப்புச் சீட்டு வாங்க வேண்டும். நம் 'கடதாசி', 'கடுதாசி' இந்தச் சொல்லோடு உறவுடையது என்று அகராதிகள் சொல்கின்றன. ஆனால் மிரட்டலுக்கான சொற்பட்டியல் எதிலும் 'கார்த்தாஸ்' இருக்காது. அது நிர்வாகச் சொல்லாயிற்றே!

இங்கே ஒரு இலக்கணச் சிக்கல் இருக்கிறது. சொல்வதன் மூலமே செயலாகிவிடும் வினைகளைப் பற்றி ஆஸ்டின் பேசினார். அந்த உரைகள் 1962இல் நூலாயின. 'வாக்களிக்கிறேன்' என்றாலே வாக்களித்தாகிவிடும். ஆனால் 'உன்னை மிரட்டுகிறேன்' என்று சொல்லி எவனும் மிரட்டுவதில்லை. ஆங்கிலத்திலும் இல்லை, போர்த்துக்கீசியத்திலும் இல்லை. 'ஒரு நல்லதுக்குச் சொல்றேன்' என்பான்; 'பிள்ளைகுட்டிக்காரன் நீ' என்பான். 'த்ரெட்', 'அமெயாசா' எல்லாம் மிரண்டவரின் சொற்கள், இல்லாவிட்டால் நீதிமன்றத்தின் சொற்கள். மிரட்டுகிறவனின் அகராதியில் அறிவுரையும் அக்கறையும் கேள்வியும்தான் இருக்கின்றன.

கேள்வி என்றதும் பிரேசில் மானிடவியலாளர் ரொபெர்த்து டமாட்டா நினைவுக்கு வருகிறார். 'யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுமா?' என்ற அன்றாட வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற பேச்சுக்கு அடியில் படிநிலை எப்படி உயிரோடிருக்கிறது என்று 1979இல் வெளிவந்த நூலில் காட்டினார். அந்த வாக்கியத்தில் மிரட்டலுக்கான சொல் ஒன்றுகூடக் கிடையாது. முழு வாக்கியமும் மிரட்டல்தான்.

இதற்கு மறுமுனையில் நிற்பது 'ஜுராது தி மோர்த்தி'. 'கொலைமிரட்டலுக்கு ஆளானவர்' என்று பெயர்ப்பார்கள். ஆங்கிலத்தில் கொலைமிரட்டல் கடிதம்போல 'வந்து சேர்கிறது'. போர்த்துக்கீசியத் தொடரில் அது ஆளின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. சாவுக்கென்று சபதம் செய்யப்பட்டவர். தமிழில் 'நேர்ந்துவிடப்பட்டவர்' என்பேன். எதுவார்து கோத்தின்யோ 1984இல் வெளியிட்ட ஆவணப்படத்தின் பெயரிலும் 'சாவுக்குக் குறிக்கப்பட்ட' ஒருவன் வருகிறான். அவனைச் சுட்டும் 'காப்ரா' வடகிழக்குப் பேச்சில் 'ஆள்', நேர்ப்பொருளில் ஆடு. நேர்ந்துவிட்ட கிடாதான்! ஆனால் கிடாயை நேர்ந்தவர் யாரென்று ஊருக்குத் தெரியும். இந்தத் தொடர்களில் சபதம் செய்தவன் இல்லை, குறித்தவனும் இல்லை. எழுவாய் காணாமல் போய்விட்டது.

படத்தின் கதை 1962இல் கொல்லப்பட்ட பராயீபா விவசாயிகள் சங்கத் தலைவர் ஜொவாவ் பெத்ரு தெஷெய்ராவுடையது. 1964 ராணுவக் கவிழ்ப்பால் படப்பிடிப்பு நின்றது. அதில் நடித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி எலிசபெத்தை 1981இல் கோத்தின்யோ கண்டுபிடித்தபோது, பிள்ளைகள் பலரைப் பிரிந்து, வேறு பெயரில், வேறு மாநிலத்தில் மறைந்து வாழ்ந்துகொண்டிருந்தார். மிரட்டல் அவருடைய பெயரையே தின்றிருந்தது. 2010 நவம்பரில் அமசோனியக் காட்டைக் காக்கப் போராடிய ஜொஸே கிளாவ்தியூ, எந்த நேரமும் தான் கொல்லப்படலாமென்று மேடையிலேயே சொன்னார். 2011 மே 24 அன்று மனைவி மரியாவோடு சுட்டுக்கொல்லப்பட்டார்.

சட்டம் என்ன செய்கிறது? பிரேசிலின் 1940 தண்டனைச் சட்டத்தில் 147ஆம் பிரிவு 'அமெயாசா'. சொல், எழுத்து, சைகை, வேறு குறியீடு எதுவானாலும் குற்றம். தண்டனை ஒன்று முதல் ஆறு மாதக் காவல் அல்லது அபராதம். 'குறியீடு' என்று சேர்த்தவர்களுக்குக் குறியியல் தெரிந்திருக்கிறது. 2015இல் பள்ளிக்கூடக் கொடுமைக்கு எதிராகச் சட்டம் வந்தபோது 'முறைசார் அச்சுறுத்தல்' என்று சொந்தப் பெயர் வைத்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'புல்லியிங்' என்று ஆங்கிலத்தையும் போட்டார்கள். 2024இல் அது தண்டனைச் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. குழந்தையின் பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 'யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுமா?' என்பதை எந்தப் பிரிவில் அடைப்பது?

ஆகவே மொழிபெயர்ப்பவரிடம் நான் கேட்பது நிகர்ச்சொல்லை அல்ல. தொலைந்த எழுவாயைத் தேடுங்கள். 'மிரட்டல் வந்தது' என்று எழுதும்போதெல்லாம் பேனாவை நிறுத்திக் கேளுங்கள்: வந்ததா, அனுப்பப்பட்டதா? அனுப்பியது யார்?