உள்ளே வெளியே: படத்தில் இல்லாத மங்காத்தா

'மங்காத்தா' என்றால் என் வயதுக்காரர்களுக்கு அஜித்தின் நரைத்த தலைதான் நினைவுக்கு வரும். வெங்கட் பிரபு இயக்கி 2011 ஆகஸ்ட் 31 அன்று வெளியான, அஜித்தின் 50ஆவது படம். தூத்துக்குடியில் விசில் சத்தத்துக்கு நடுவே பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பக்கத்தில் வந்த சித்தப்பா கேட்டார்: "எல்லாம் சரிதாம்ல, இதுல மங்காத்தா எங்க இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சிரித்தேன். இப்போது அது நியாயமான விமர்சனமாகவே படுகிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 52 சீட்டு. கலைத்து, வெட்டி, ஒரு சீட்டைத் திருப்பி நடுவில் வைப்பார்கள். ஏழு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஏழு உள்ளே விழுமா வெளியே விழுமா என்று பணம் கட்ட வேண்டும். பிறகு சீட்டு போடுகிறவர் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வருவார். எந்தப் பக்கம் ஏழு விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவர்களுக்குப் பணம். அவ்வளவுதான். ஜாதி பார்ப்பதில்லை, எண் மட்டும்தான். முதல் சீட்டு எந்தப் பக்கம் போகும் என்பது ஊருக்கு ஊர், மேஜைக்கு மேஜை மாறும். கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் காசினோக் கப்பல்களில் இதுவே அந்தர் பாகர். எங்கள் ஊரில் லோடுக்காக லாரிகள் காத்துக்கிடக்கும் இடங்களில், விரித்த துண்டின் மேல் இதை ஆடிப் பார்த்திருக்கிறேன்.

பணத்தை வைத்த பிறகு ஆடுகிறவன் செய்வதற்கு எதுவுமே இல்லை. ரம்மியில் எடுக்கலாம், கழிக்கலாம், எதிராளி எதைக் கழித்தான் என்று நினைவில் வைக்கலாம். இதில் நின்று பார்க்கலாம். மீதமுள்ள 51 சீட்டில் ஏழு மூன்று. அவை அமரக்கூடிய இடங்களை எண்ணினால் மொத்தம் 20,825 விதம். அதில் 10,725 விதங்களில் முதல் ஏழு ஒற்றைப்படை இடத்தில் வருகிறது. அதாவது முதல் சீட்டு விழும் பக்கம் ஜெயிக்க 51.5 சதவீத வாய்ப்பு. சராசரியாக 13ஆவது சீட்டில் ஆட்டம் முடிந்துவிடும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. காசினோக்காரனுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால் பல இடங்களில் அந்தப் பக்கம் நூறு கட்டி ஜெயித்தால் தொண்ணூறுதான் தருவார்கள். அப்படிப் பார்த்தால் நூறு ரூபாய்க்குச் சராசரியாக 2.15 ரூபாய் போகும். மறுபக்கம் முழுசாக நூறு தருவார்கள், ஆனால் சராசரியில் 3 ரூபாய் போகும். எந்தப் பக்கம் நின்றாலும் கசிவுதான்.

படத்துக்கு வருகிறேன். 500 கோடி சூதாட்டப் பணத்தை அடிக்க ஒரு கும்பல் திட்டம் போடுகிறது. அதற்குள் புகும் விநாயக் எல்லோருடைய கையையும் படிக்கிறான், பொய் சொல்கிறான், நேரம் பார்த்துச் சீட்டை இறக்குகிறான். இதெல்லாம் போக்கர் ஆடுகிறவனின் குணம். மங்காத்தாவில் திட்டத்துக்கு இடமில்லை. போலீஸ்காரன் திருடர் கூட்டத்துக்குள் வருவது, முடிவில் யார் யாரோடு என்பது புரண்டுபோவது என்று 'உள்ளே வெளியே'வுக்குப் படம் ஒரு நல்ல பொருள் கொடுக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயரிலிருந்து அது எடுத்துக்கொண்டது கெத்தை மட்டும்தான். கையாலாகாமல் நிற்கும் அந்த ஒரு நிமிஷத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நாயகப் படம் அதை எடுத்துக்கொள்ளவும் முடியாது. நாயகன் எப்படி 'நின்று பார்ப்பான்'?

சட்டமும் பல காலம் நாயகன் பக்கமே நின்றது. ரம்மிக்குத் திறமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. அதே பாதையில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், தமிழக அரசின் தடைப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் விடுவித்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம்தான் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடுத்தது. மங்காத்தாவுக்காக 'இது திறமை' என்று வாதாட முடியாது. என்னைக் கேட்டால் அதுதான் அதன் நேர்மை.

இந்தக் கடற்கரைக்கு இது புதிதும் இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமல் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். வெளியே ஓடு தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. வாங்குகிறவன் பணத்தை வைத்துவிட்டு, சதை அழுகும்வரை காத்திருந்து, அலசிப் பார்க்க வேண்டும். அரசோ முன்கூட்டியே பாரிலிருந்து கொஞ்சம் சிப்பி எடுத்து, அதில் கிடைத்த முத்துக்கு மதிப்புப் போட்டு, அதன் பிறகுதான் குளிப்பை அறிவிக்கும். ஒரு குவியல் வாங்கியவனுக்கு அது அதிர்ஷ்டம். லட்சக்கணக்கில் விற்றவனுக்கு அது சராசரி. காசினோ மேஜையின் இரண்டு பக்கமும் இதேதான். 1961இல் நடந்ததே இங்கே கடைசிக் குளிப்பு.

திருக்குறளில் சூது 94ஆம் அதிகாரம். வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனோடு ஒப்பிட்டுத்தான் வள்ளுவர் அதைத் தொடங்குகிறார். தோல்வியைப் பற்றி எச்சரிப்பதுதான் எளிது. அவர் கை வைப்பது வென்ற நாளில். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம், ஓர் இரவு ஜெயித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கி வந்த சித்தப்பாதான் நினைவுக்கு வருகிறார். லாரி போனது அதற்குப் பிந்தைய கதை. அவர் கணக்கில் அது தோற்ற நாட்களின் குற்றம். அந்த மக்ரூன் நாளை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பைத் திறந்து அந்த 20,825ஐயும் 10,725ஐயும் அவருக்குக் காட்டினேன். எந்தப் பக்கம் கட்டினாலும் போகத்தான் செய்யும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கடைசியில் திரையில் 51.5 மேல் விரலை வைத்துச் சொன்னார்:

"அப்போ மொதச் சீட்டு விழுற பக்கமே கட்டணும்னு சொல்லுத, அப்படித்தானல?"