சுவரில் தொங்கும் ஓநாய்

அண்மையில் சக ஆசிரியரொருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, வரவேற்பறைச் சுவரிற் புதிதாகச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்த படமொன்று கண்ணிற்பட்டது. பழந்தாளின் மஞ்சட் சாயல். நடுவே செம்மை கலந்த பழுப்பு விலங்கொன்று. வாலின் நுனி மட்டும் வெண்மை. பழைய இயற்கைநூற் சித்திரங்களை, அவற்றுள்ளும் சிறப்பாக ஓநாய், நரி, செந்நாய் என்பவற்றின் படங்களை, வீட்டுக்கு அலங்காரமாக வாங்குவது இன்று பல நாடுகளிலும் பரவியுள்ள நாகரிகம். நூலகங்கள் அந்நூல்களைப் படியெடுத்து இணையத்தில் இட்டுள்ளமையால், வேண்டியவர் தாமே அச்சிட்டுக்கொள்ளவும் கூடும். இரசனை அவரவர் சொந்த விடயம் என்று இதனை விட்டுவிடலாமா? இரசனைக்கும் வரலாறு உண்டு என்று கருதுவோர் அவ்வாறு விட்டுவிட இயலாது.

நான் கண்ட படம் 1890இல் இலண்டனில் வெளியான பெருநூலொன்றைச் சேர்ந்தது. சென் ஜோர்ஜ் மிவார்ட் என்னும் விலங்கியலாளர் நாய்க் குடும்பத்து விலங்குகளை ஒருங்குசேர ஆராய்ந்து எழுதிய அந்நூலில் 45 வண்ணப்படங்கள் உள. வரைந்தவர் ஒல்லாந்தரான கோய்லமன்ஸ். கல்லச்சிற் பதித்துப் பின்னர் கையால் வண்ணந்தீட்டப்பட்டவை அவை. ஓவியர் பெயர் இன்றும் போற்றப்படுகின்றது; பிரதி பிரதியாக வண்ணந்தீட்டிய கைகள் எவருடையவை என்று கேட்பார் இல்லை. இதனாற் கோய்லமன்ஸின் ஆற்றல் குறைந்துவிடாது. மயிரின் படிவையும் செவியின் விறைப்பையும் அவ்வளவு நுணுக்கமாகக் காட்டியோர் சிலரே. ஏகாதிபத்திய காலத்துக் கலை என்ற ஒரே காரணத்தால் இத்தகையவற்றை ஒதுக்கித் தள்ளும் நண்பர்கள் நம்மிடையே உளர். அஃது விமரிசனமாகாது, வெறுஞ் சோம்பலே.

ஆயின் அந்த விலங்கு யாது? தென் அத்திலாந்திக்கிலுள்ள போக்லாந்துத் தீவுகளின் ஓநாய் அது. அத்தீவுகளுக்கென இயல்பாய் அமைந்த ஒரேயொரு நிலவாழ் பாலூட்டி. பெருநிலத்து உறவினத்திலிருந்து அது பிரிந்து ஏறத்தாழ 16,000 ஆண்டுகள் சென்றிருக்கும் என 2013இல் வெளியான மரபணு ஆய்வொன்று கணித்தது. மனிதனைக் கண்டு அஞ்ச அது அறியாது. பீகிள் கப்பலில் 1833இலும் 1834இலும் அங்கு சென்ற டார்வின், ஒரு கையில் இறைச்சித் துண்டையும் மறுகையிற் கத்தியையும் நீட்டியே அதனைக் கொன்றுவிடுகின்றனர் என்று குறித்துவைத்தார். குடியேற்றம் வேரூன்றியதும் அது டோடோப் பறவையின் கதியையே அடையும் எனவும் அவர் எதிர்வுகூறினார். அவ்வாறே நிகழ்ந்தது. தோலுக்காக உரோம வணிகர் கொன்றனர். செம்மறிப் பண்ணைகள் பெருகியபோது ஆட்டைத் தின்னும் பகையென்று நஞ்சிட்டும் கொன்றனர். 1876இல் அவ்வினம் அற்றுப்போயிற்று. 1764இல் தொடங்கிய குடியேற்றத்துக்கு இதனைச் செய்து முடிக்க 112 ஆண்டுகளே தேவைப்பட்டன. மிவார்ட்டின் நூல் அச்சேறியபோது, படத்திலே நிமிர்ந்து நின்ற விலங்கு உலகில் இல்லாதொழிந்து 14 ஆண்டுகள் கழிந்திருந்தன!

நூலில் அப்படம் தனித்து நிற்கவில்லை. விலங்கின் பற்கள், மண்டையோடு, வாழிடம், முன்னையோர் எழுதிவைத்தவை ஆகியன அதனோடு சேர்ந்தே வாசகனை அடைந்தன. இத்தகைய நூல்களைப் பிரித்துப் படங்களை மட்டும் தனித்தனியே விற்பது பழம்பொருள் வணிகரின் நெடுநாள் வழக்கம். எழுத்துக் கழிந்து படம் எஞ்சுகின்றது. கம்பளிச் சந்தையும் நஞ்சும் கத்தியும் கழிந்து, கம்பீரமான வனவிலங்கு மட்டும் எஞ்சுகின்றது. நடுத்தர வர்க்கத்து வரவேற்பறை வேண்டுவதும் அதனையே: காடு வேண்டும், காட்டுக்கு நேர்ந்தது வேண்டாம்.

அமெரிக்கரான ஓடுபன் வெளியிட்ட விலங்குப் படங்களும் இவ்வாறே விலைபோகின்றன. 1845 முதல் 1848 வரை 150 பெரும்படங்களாக வெளிவந்த அத்தொகுதியிற் பல நிற ஓநாய்கள் உள. குழியில் வீழ்ந்த ஓநாய்களின் பின்னங்கால் நரம்புகளை விவசாயியொருவர் அறுத்து, நாய்களுக்கு இரையாக்கிய காட்சியை முன்னரே எழுதியவரும் அதே ஓடுபன்தான். அடிமைகளை உடைமையாக வைத்திருந்த அவர், அக்குழியிற் கண்டு வியந்தது ஓநாய்களின் கோழைமையை! அத்தொகுதியிலுள்ள டெக்சாசுச் செவ்வோநாய் 1980இல் வனத்தில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. வளர்ப்பிலிருந்து எடுத்து 1987 முதல் வட கரோலினாவில் மீண்டும் விடப்பட்டவையும் அவற்றின் வழித்தோன்றல்களுமே இன்று அங்கு உள்ளவை. மிவார்ட் நூலிலே செந்நாய்க்கும் இடமுண்டு. அதே காலத்தில் பிரித்தானிய இந்தியாவில் செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுப்பணம் வழங்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்கு ஒரு தோல், அரசிறைக்கு ஒரு கணக்கு. இரண்டும் ஒரே ஆட்சியின் வேலைகள்.

படத்தைக் கழற்றிவிடும்படி நான் நண்பரிடம் கூறவில்லை. அதனை நம்மூர் நரியென்றே அவர் எண்ணியிருந்தார். சட்டமிட்டவர் அடியிலிருந்த பெயரை வெட்டிவிட்டிருந்தார். பெயரை எழுதித்தரும்படி நண்பர் கேட்டார். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். கீழே 1876 என்றும் சேர்த்தேன். அதனைக் கண்ணாடிக்கு உள்ளே வைப்பதா வெளியே ஒட்டுவதா என்று அவர் மனைவியாரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் விடைபெற்றேன்.