சித்திரக்கதையும் சாட்சியமெனும் அமானிதமும்

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது நெய்வேலி நகரியத்தின் நிழல்மரங்கள் வீழ்ந்தன. பண்ருட்டி வட்டாரச் சிற்றூர்களில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சாலையில் கிடந்த மரங்களை அகற்றச் சில நாட்கள் போதும். புதிதாய் நட்ட முந்திரி பலன்தரச் சில ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளை ஒரு குடும்பம் எவ்வாறு கடந்தது என்பதே பேரிடர் ஆய்வின் மெய்யான வினா. ஆனால் அதற்கான விடைகள், அவற்றைச் சொன்ன குடும்பங்களின் கைக்கு எட்டாத அறிக்கைகளிலேயே பெரும்பாலும் உறங்குகின்றன.

இக்குறையை நீக்கவே ஆய்வாளர் சிலர் சித்திரக்கதையை நாடுகின்றனர். அவ்வகையில் ஈழத்தமிழர் வாழ்வைச் சொல்லும் நூல் 'வன்னி'. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே போலக் வரைந்த இந்நூல் 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 2008 வரை வன்னியில் ஐ.நா. பணியிலிருந்த டிக்ஸ், உயிர்தப்பியோரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு கற்பனைக் குடும்பமொன்றைப் படைத்தார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எழ முனையும் அக்குடும்பத்தைப் போர் மீண்டும் மீண்டும் பெயர்த்தெறிகிறது. அறிக்கையில் 'இடம்பெயர்ந்தோர்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுவது, இங்கே முகமும் வீடும் கொண்ட துயரமாய்க் கண்முன் நிற்கிறது. நூலின் வெற்றி இதுவே.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. செய்தியை அதன் அறிவிப்பாளர் தொடரோடு கேட்க வேண்டும் என்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த பாடம். பலர் சொன்னவை ஒரே குடும்பத்தின் அனுபவமாகும்போது, எது கேட்டது, எது கோத்தது என்று கட்டங்களுக்குள் பிரித்தறிய வழியில்லை. சாட்சிகளின் பாதுகாப்புக்காகப் பெயரை மறைப்பது நியாயமே. ஆனால் பெயரை மறைப்பது வேறு. பலரை ஒருவராக்குவது வேறு. 2009இல் வெளிவந்த 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா' நூலில் ஜோ சாக்கோ, 1956 படுகொலைகளை நினைவுகூரும் முதியோரைத் தனித்தனி முகங்களோடு வரைந்தார். அவர்களின் கூற்றுகள் முரண்படும் இடங்களையும் மறைக்கவில்லை. அந்த நேர்மையால் நூலின் நம்பகம் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

மேலும், எந்த ஒரு குடும்பமும் ஒரு நிலத்தின் துயரம் முழுவதையும் சுமக்காது. 1990 அக்டோபரில் விடுதலைப்புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாய் வாழ்ந்த முஸ்லிம்களின் கதை, 2004இல் தொடங்கும் கதையின் மையத்திற்கு வர இயலாது. இது நூலாசிரியரின் குற்றமன்று. 'மாதிரிக் குடும்பம்' என்னும் உத்தியின் எல்லை.

இதே ஆழிப்பேரலை நம் கடலூர் மாவட்டத்தையும் தாக்கியது. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்கு உணவளித்துத் துணைநின்றனர். நாளை அதனை வரைய முன்வருபவர், அளித்தவரையும் பெற்றவரையும் தனித்தனியே கேட்கட்டும். வரைந்ததை முதலில் அவர்களிடமே காட்டி, தவறென அவர்கள் சுட்டுவதைத் திருத்தட்டும். சாட்சியம் ஓர் அமானிதம். உரியவரிடம் திரும்பிச் சேரும்போதே அது நிறைவேறுகிறது.