காவிரிக் கரையின் நாமசங்கீர்த்தனம்: பத்ததிகளும் பயிற்சியும்

கர்நாடக சங்கீதத்துக்குத் தஞ்சைத் தரணி தாய்வீடு என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் முதலில் தோன்றுவன அரசவையும் அரங்கமும் அவற்றில் வீற்றிருந்து பாடிய மகாவித்வான்களுமே ஆயினும், அதே ஆற்றங்கரைகளில், அதே ராகங்களைக் கைக்கொண்டு, வித்வத்தை நாடாமல் பகவந்நாமத்தையே நாடிய வேறொரு கானமும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலவிவருகிறது. அந்தக் கானத்தைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் இருந்ததில்லை, பாடத்திட்டம் இருந்ததில்லை, பரீட்சையும் பட்டமும் இருந்ததில்லை. இருந்தும், சுருதி இன்னதென்று சொல்லத் தெரியாத சாமானிய ஜனங்கள் சுருதி விலகாமலும், தெலுங்கும் மராட்டியும் வாசிக்கத் தெரியாதவர்கள் அம்மொழிகளின் கீர்த்தனங்களைப் பிழையின்றியும் பாடினார்கள். பஜனை சம்பிரதாயம் என்று நாம் வழங்கும் அந்தப் பெருஞ்செல்வத்தின் பிரிவுகளையும் அதன் மேன்மைக்கு அளவாக நின்ற நியமங்களையும் இந்த ராதா கல்யாண விழா மலரில் ஓரளவு விரித்துரைக்க விரும்புகிறேன்.

கும்பகோணத்திலிருந்து மாயூரம் செல்லும் சாலையில் திருவிடைமருதூரைத் தாண்டியதும் வருவது கோவிந்தபுரம். காஞ்சி காமகோடி பீடத்தின் 59ஆவது ஆசார்யர் என்று அம்மடத்தின் பரம்பரை குறிக்கும் ஸ்ரீ போதேந்திர சரஸ்வதி சுவாமிகள், பீடத்தின் பொறுப்பையும் பெருமையையும் துறந்து, இந்த ஊரின் வீரசோழன் ஆற்றங்கரையில் ராமநாம ஜபத்திலேயே காலம் கழித்து, 1692இல் அங்கேயே சித்தியடைந்தார். நாமாம்ருத ரசாயனம், நாமாம்ருத ரசோதயம் முதலிய நூல்களில் அவர் நிலைநாட்டிய சித்தாந்தம், தியானத்தைப் பற்றி இன்று பேசுவோர் பலரும் ஊன்றிப் படிக்கத்தக்கது. ஆசனம், இடம், வேளை, ஆசாரம் என்ற முன்னேற்பாடுகள் மற்ற சாதனங்களுக்கு வேண்டுமேயன்றி நாமத்துக்கு வேண்டா. உண்ணும்போதும் உழும்போதும் வழி நடக்கும்போதும் சொல்லலாம். சொல்பவன் இன்னான் என்ற வரம்பும் இல்லை என்பது அதன் சாரம். சாஸ்திரம் வல்லவர்கள் செறிந்து வாழ்ந்த ஒரு நாட்டில், சாஸ்திரத்தைக் கொண்டே சாஸ்திரம் அறியாதவனுக்கு வழி திறந்துவிட்ட துணிவு அவருடையது.

அவர் காலத்தவரான ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாள் வாழ்ந்த திருவிசநல்லூர் கோவிந்தபுரத்துக்கு வெகு தூரமன்று. தஞ்சை மராட்டிய மன்னர் சாஹஜி பண்டிதர்களுக்கு மானியமாக விட்டு, தம் பெயரால் சாஹஜிராஜபுரம் என்று வழங்கச் செய்த அக்கிரகாரம் அது. சிவபக்தியில் தோய்ந்தவரான ஐயாவாள் நாமமகிமையைப் போற்றி ஆக்யாஷஷ்டி என்ற தோத்திரத்தை இயற்றினார். சிராத்த தினத்தில், பசியால் வாடி வந்த ஒரு தாழ்த்தப்பட்டவருக்கு, பித்ருக்களுக்கென்று சமைத்த அன்னத்தையே எடுத்து அளித்தார் என்றும், கங்கையில் ஸ்நானம் செய்து பிராயச்சித்தம் தேடினாலொழிய ஏற்க மாட்டோம் என்று ஊரார் நின்றபோது அவர் வீட்டுக் கிணற்றிலேயே கங்கை பொங்கினாள் என்றும் வழங்கும் வரலாற்றை அறியாத குடும்பம் இந்தப் பக்கத்தில் இராது. கார்த்திகை அமாவாசையன்று அக்கிணற்று நீரில் நீராட இன்றும் ஜனங்கள் விடியுமுன்பே வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

இவ்விருவரும் தத்துவத்தைத் தந்தார்கள் என்றால், அதற்குப் பாட்டும் முறையும் தந்து ஓர் ஊரே சேர்ந்து அநுஷ்டிக்கத்தக்க வடிவம் கொடுத்தவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் விளங்கிய மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள். வெள்ளத்தாலும் மணலாலும் மூடுண்டு இடம் தெரியாது போயிருந்த போதேந்திராளின் அதிஷ்டானத்தை, வறண்ட ஆற்றுப் படுகையில் காதை வைத்துக் கேட்டு, ராமநாமம் ஒலித்த இடம் இதுவென்று அவர் காட்டியதாகவும், சரபோஜி மன்னர் ஆற்றின் போக்கைச் சற்று விலக்கி அதிஷ்டானத்தைக் காத்ததாகவும் ஐதிகம். அந்த ஐதிகத்துக்கு இணையாக நான் மதிப்பது, அவர் வகுத்த பத்ததியை. அவர் தம் பாட்டையே பாடுங்கள் என்று சொல்லவில்லை. வங்க ஒரிய நாட்டுப் பக்கத்து ஜயதேவரின் அஷ்டபதி, பத்ராசல ராமதாசரின் தெலுங்குக் கீர்த்தனம், புரந்தரதாசரின் கன்னடப் பதம், பண்டரிபுரத்து அபங்கம், நம் திருப்பூந்துருத்தியில் சமாதி கொண்டுள்ள நாராயண தீர்த்தரின் கிருஷ்ணலீலா தரங்கம், சதாசிவப் பிரம்மேந்திரரின் சம்ஸ்கிருதக் கீர்த்தனம் ஆகிய யாவற்றையும் ஒரே இரவில், ஒரே பந்தலில், ஒரு முறைப்படி அமர்த்தினார். மராட்டிய அரசர்களின் ஆட்சியில் பல பாஷைகளும் கலந்து புழங்கிய தஞ்சையில் அன்றி வேறெங்கும் அவ்வாறு அமைந்திருக்குமோ என்பது சந்தேகமே.

அந்த முறையை இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். தியான சுலோகங்களுக்குப் பின் நாட்டை ராகத்தில் தோடய மங்களம் தொடங்கும். அடுத்து குருத்யானம், குரு கீர்த்தனம். பிறகு அஷ்டபதி, தரங்கம், மகான்களின் கீர்த்தனங்கள். பின்னர் பஞ்சபதி, பூஜை, உபசாரக் கீர்த்தனங்கள். இரவு ஏறியதும் குத்துவிளக்கை நடுவில் ஏற்றிவைத்து, அதில் பகவானை ஆவாகனம் செய்து, பாகவதர்கள் அதைச் சுற்றிவந்து ஆடிப் பாடும் திவ்யநாமம், அதன்பின் டோலோத்சவம். உத்சவ காலமாயின் மறுநாள் காலை உஞ்சவிருத்தி, முத்துக்குத்தல், ராதா கல்யாணம் அல்லது சீதா கல்யாணம், வசந்தோத்சவம், ஆஞ்சநேய உத்சவம் என்று விரியும். தியாகராஜ சுவாமிகள் இயற்றிய திவ்யநாமக் கீர்த்தனங்களும் உத்சவ சம்பிரதாயக் கீர்த்தனங்களும் இந்த வழிபாட்டுச் சூழலில் பிறந்தவையே. திவ்யநாமக் கீர்த்தனங்களில் பலவற்றின் சரணங்கள் எல்லாம் ஒரே மெட்டில் அமைந்திருப்பதை எளிமை என்று மட்டும் கருதிவிடக் கூடாது. முதல் சரணத்தைக் கேட்டவன் மூன்றாம் சரணத்தில் தானும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்ற கருணை அதில் உண்டு.

இந்த மூலத்திலிருந்து கிளைத்த பாணிகள் பல. மருதாநல்லூர் மடத்தின் வழியே இவை அனைத்துக்கும் தாய். சௌராஷ்டிர குலத்தில் பிறந்து, தஞ்சைக்கு அருகே ஐயம்பேட்டையில் வாழ்ந்து, திருவையாற்றில் தியாகராஜரிடம் பயின்று, பிற்காலத்தில் வாலாஜாபேட்டையில் வாழ்ந்த வேங்கடரமண பாகவதர் குருவின் கீர்த்தனங்களை ஏட்டிலும் நாவிலும் காத்து, அவற்றைப் பஜனையோடு பிணைத்த மற்றொரு பரம்பரைக்கு முதல்வரானார். சௌராஷ்டிரப் பெருமக்கள் வாழும் வீதிகளின் பஜனைக் கூடங்களில் அந்தப் பக்தி இன்னும் மங்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதர் கீர்த்தன வரிசையையும் மெட்டையும் ஒழுங்குசெய்து பரப்பிய பாணி, தமிழ்நாட்டைக் கடந்து பம்பாய், டில்லி முதலிய நகரங்களில் குடியேறிய நம்மவர்களிடமும் வேரூன்றியது. திருக்கோவிலூர் ஞானானந்த தபோவனத்தைச் சார்ந்த சுவாமி ஹரிதாஸ் கிரி நாமாவளிகளுக்கு முதன்மை தந்து, பத்ததி அறியாத ஆயிரக்கணக்கானோரையும் கைதட்டிப் பாட வைத்தார். 2011இல் கோவிந்தபுரத்தில் எழுந்த விட்டல் ருக்மிணி ஆலயத்தின் மராட்டிய விமானத்தைக் காணும்போது, பண்டரிபுரத்துக்கும் சோழநாட்டுக்கும் உள்ள பழைய உறவு கல்லிலும் நிலைபெற்றதாகவே தோன்றுகிறது.

பாணிகள் எத்தனையாயினும், தரம் என்று பெரியவர்கள் எதைக் கருதினார்கள் என்பதே முக்கியம். சபைக் கச்சேரியில் கல்பனையும் குரல்வளமும் தரத்தை நிர்ணயிக்கும். பஜனையிலோ, பாகவதர் எடுத்துக் கொடுப்பதைக் கோஷ்டி வாங்கிப் பாட முடிகிறதா என்பதே உரைகல். நல்ல பாகவதர் ஒரு நாமாவளியை எடுக்கும் விதத்தைக் கவனித்தால் இது விளங்கும். முதல் தடவை சௌக்கமாக, சங்கதி ஒன்றும் கலவாமல், ஒவ்வொரு அட்சரமும் காதில் விழும்படி சொல்லுவார். கோஷ்டி தயங்கித் திருப்பும். முன்வரிசையில் இருவர் அடி பிறழ்ந்தால், வேறொன்றுக்குப் போகாமல், அதே அடியை அதே இடத்தில் அழுத்தி மறுபடி கொடுப்பார். கோஷ்டி திடப்பட்டது என்று தெரிந்த பின்பே சிப்ளாக்கட்டையின் நடை மாறும். மத்திமம், துரிதம் என்று காலம் ஏறும். மிருதங்கக்காரர் அதற்கென்றே காத்திருப்பார். சுருதியையும் தம் தொண்டைக்கு ஏற்றபடி வைக்காமல், பின்வரிசையில் இருக்கும் கிழவரும் குழந்தையும் எட்டிப்பிடிக்கும்படி வைப்பார். தம் சங்கதிகளால் கோஷ்டியை வாய்மூடச் செய்கிற பாகவதர் சிறந்த பாடகராக இருக்கலாம். பஜனைக்கு அவர் உரியவர் அல்லர் என்றே துணிந்து சொல்லுவேன்.

ஆகவே கோஷ்டியே இங்கு பாடசாலை. ஏகாதசி இரவுகளும் மார்கழி மாதத்து விடியற்கால வீதி பஜனையும் அதன் வகுப்புகள். சிறுவன் வந்து உட்கார்ந்தவுடன் அவன் கையில் ஜால்ராவைக் கொடுத்து, காலம் ஓடாமல் தட்டு என்பார்கள். ஒரு வருஷம் அதுவே அவன் பாடம். பிறகு நாமாவளி, பிறகு யாரேனும் ஒருவர் வராத அன்று ஒரு கீர்த்தனத்தை எடுத்துப் பாட உத்தரவு கிடைக்கும். பஞ்சகச்சமும் துளசிமாலையுமாகச் செம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு உஞ்சவிருத்திக்கு வீடு வீடாகச் செல்வதும் கல்வியின் ஒரு பகுதியே. வாசலில் விழும் பிடியரிசியை ஏற்கும்போது வித்தையால் வரும் கர்வம் குறையும் என்று பெரியோர் கண்டிருந்தார்கள். சம்பா அறுவடையாகிக் களஞ்சியம் நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களில் இந்தப் பக்கத்து உத்சவங்கள் பல அமைவதும், வந்தவர்க்கெல்லாம் இலைபோட இந்த ஊர்களால் முடிந்ததும், கழனியும் கானமும் ஒன்றையொன்று தாங்கி நின்றதன் விளைவே.

அக்கிரகாரங்கள் காலியாகி, படித்தவர்கள் நகரங்களுக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்ட இந்நாளில், ஏகாதசி தவறாமல் கூடும் கோஷ்டி அரிதாகிவிட்டது. அந்தக் குறையை நிரப்பவே கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்களும், வார இறுதி வகுப்புகளும், கைபேசி வழியே வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு நடக்கும் பாடங்களும் எழுந்திருக்கின்றன. இவற்றை நான் மனமுவந்து வரவேற்கிறேன். முன்பு பெரும்பாலும் ஆண்களே அமர்ந்த கோஷ்டியில் இன்று பெண்கள் தனிக் குழுவாகவே பத்ததி முழுவதையும் நடத்துவதும், எந்தக் குலத்துக் குழந்தையும் வந்து உட்கார இடம் விரிவதும், போதேந்திராளின் சித்தாந்தம் மெய்யாகவே நடைமுறைக்கு வருவதைக் காட்டுகின்றன. ஆனால் முகாம் என்பது நாற்றங்காலே. உரிய நாளில் பறித்து நடாவிட்டால் நாற்று முற்றிப்போகும் என்பதை இந்த நாட்டு விவசாயிக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து நாளில் தோடய மங்களத்தை ஒப்பிக்கக் கற்ற குழந்தைக்கு, அதைப் பாட ஊரில் ஒரு கோஷ்டி வேண்டும். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியன்று பஞ்சரத்னம் பாட அமர்வோர் கற்றுத் தேர்ந்த பின் அங்கே கூடுகிறார்கள். பஜனையில் கூடிய பின்புதான் கற்பது தொடங்குகிறது.

பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல பாஷைப் பாட்டுக்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது, வர்க்க எழுத்துக்களைக் குறிக்கக் க, ச, ட, த, ப என்பவற்றின் மேல் 2, 3, 4 என்று இலக்கமிடும் வழக்கத்தை நம் பழைய பஜனைப் புத்தகங்கள் விடாமல் போற்றின. இப்போது பகிரப்படும் பிரதிகளில் அந்த இலக்கங்கள் உதிர்ந்துவிட்டன. அவற்றோடு உச்சரிப்பும் உதிர்கிறது. பொருளும் அப்படியே. அஷ்டபதியின் விரகத்தை எப்பொருளில் கொள்ள வேண்டும் என்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லாமல் மெட்டை மட்டும் கற்பிப்பது பாதிக் கல்வியே. அஷ்டபதிகள் இருபத்து நான்கும் இரவு முழுதும் பாடப்பெறும்போது, ஒரே பாட்டுக்கு ஊருக்கு ஊர் வேறு ராகம் வழங்குவதைக் கேட்கலாம். அவற்றுள் எது சரி என்று வாதிடுவதைவிட, எல்லாவற்றையும் காப்பதே செய்யத்தக்கது. அந்த மெட்டுக்களைப் பெரியோரிடம் நேரில் பாடம் கேட்டவர்கள் வயது முதிர்ந்த நிலையில் இன்னும் நம்மிடையே சில கிராமங்களில் இருக்கிறார்கள். இந்த ஆண்டு ராதா கல்யாணத்துக்கு வருகை தருவோரில் அத்தகையவர்களை முன்கூட்டியே கண்டறிந்து, அவர்கள் அறிந்த அஷ்டபதிகளை முழுவதுமாக ஒலிப்பதிவு செய்து, ராகம், தாளம், யாரிடம் பாடம் என்ற விவரங்களோடு எழுதிவைக்கும் பணியை விழாக் குழுவினரே ஏற்க வேண்டுமென்றும், பதிவு நடக்கும்போது முகாமில் பயிலும் குழந்தைகளைப் பின்பாட்டுக்கு உட்கார்த்தி வைக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.