கேஸ் கட்டைப் படிக்கும் செயலி

செயற்கை நுண்ணறிவு என்றதும் வக்கீல்கள் முதலில் கேட்பது, “தீர்ப்பு தேடித் தருமா?” என்றுதான். அந்த வேலைக்குத்தான் அதை நம்பக் கூடாது. சாட்ஜிபிடி கற்பனையாக எழுதிக்கொடுத்த தீர்ப்புகளை மனுவில் காட்டியதற்காக, 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

கூகுளின் நோட்புக்எல்எம் வேறு ரகம். நாம் ஏற்றும் ஆவணங்களுக்குள்தான் பதில் தேடுகிறது. பதிலோடு வரும் சிறு எண்ணை அழுத்தினால் மூலப் பகுதி திறக்கிறது. முடிந்துபோன ஒரு செக் கேஸின் கட்டை, பெயர், முகவரி எல்லாம் நீக்கிவிட்டு ஏற்றினேன். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவு. நீக்காமல் ஏற்றுவது வம்பு.

“சுருக்கிச் சொல்” என்றால் வருவதில் சத்தில்லை. “கடன் கொடுத்த இடம், தேதி, தொகை பற்றிப் புகார்தாரர் ஒவ்வொரு ஆவணத்திலும் என்ன சொல்கிறார்? அட்டவணையாகக் கொடு” என்று கேட்டதும்தான் வேலை சூடுபிடித்தது. நிரூபண வாக்குமூலத்தில் வீட்டில் வைத்துக் கொடுத்த பணம், குறுக்கு விசாரணையில் கடையில் வைத்துக் கொடுத்ததாக மாறியிருந்தது. இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் வந்து நின்றன. ஜூனியர் ராத்திரி கண்விழித்து எடுக்கும் குறிப்பு இது. அதை வைத்து, செக் கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்ற மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆம் பிரிவு அனுமானத்தை உடைக்க முடியுமா என்பது நம் பாடு.

வக்கீல் நோட்டீஸும் எழுதுகிறது. நம் ஆபீஸ் பழைய நோட்டீஸ் ஒன்றை மாதிரிக்கு ஏற்றாவிட்டால், வங்கி விளம்பரம் மாதிரி வழவழவென்று வரும்.

நாள் கணக்கை மட்டும் எந்தச் செயலியிடமும் விடாதீர்கள். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ்; அது கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள்; அதற்குமேல் ஒரு மாதத்துக்குள் புகார். பொதுவான அரட்டைச் செயலி ஒன்று அந்த ஒரு மாதத்தை 30 நாளாக எண்ணித் தேதி போட்டது. அது காலண்டர் மாதம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

தீர்ப்பு வேண்டுமா? உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த 139ஆம் பிரிவு அனுமானம் பற்றிய 2010ஆம் ஆண்டின் ரங்கப்பா எதிர் மோகன் தீர்ப்பை அங்கே இறக்கி, கட்டோடு நோட்புக்எல்எம்மில் ஏற்றிவிட்டுக் கேளுங்கள். எந்தப் பத்தியைப் பார்த்துச் சொல்கிறது என்று அழுத்திச் சரிபார்க்கலாம். இதற்கெல்லாம் இலவசக் கணக்கே தாராளம்.