அச்சத்தின் நான்கு வாயில்கள்

திகிற்படம் என்றால் நம் இல்லங்களில் இரண்டு விதமான பேச்சுகளே எழுகின்றன. பெரியவர்கள், "அந்தக் கண்றாவியை ஏன் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுத் தஸ்பீஹை உருட்டத் தொடங்குகிறார்கள். இளையவர்கள் எந்தப் படத்தில் எத்தனை குடம் இரத்தம் கொட்டுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். இவ்விரண்டுமே திறனாய்வு ஆகா. ஒரு படம் ஏன் அஞ்ச வைக்கிறது, மற்றொன்று ஏன் அருவருக்க மட்டும் வைக்கிறது என்பது கலையைச் சார்ந்த வினா. அதற்கு விடை தேட நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மெய்ப்பாட்டியல் நம் கையில் இருக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் அச்சம் ஒன்று, இளிவரல் வேறொன்று, நகை இன்னும் வேறொன்று. அச்சம் பிறக்கும் இடங்களாக அவர் நான்கைக் கூறுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றுக்கும் விளக்கம் வேண்டா. இறை என்பதற்கு அரசன் என்று பொருள் கொள்வது வழக்கம். நம்மைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் எவரோ அவரெல்லாம் என்று விரித்துக்கொள்வதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஹாலிவுட்காரர்கள் எடுத்துக் குவித்த திகிற்படங்களை இந்த நான்கு வாயில்களில் கொண்டுபோய் நிறுத்தினால், பல படங்கள் எதிலும் நுழைய இயலாமல் வெளியே நின்றுவிடும். அறுபட்ட கையும் சரிந்த குடலும் காட்டுவது இளிவரலே அன்றி அச்சம் அன்று. கசாப்புக் கடையைக் கடந்து போகிறவன் முகம் சுளிக்கிறான், அஞ்சி ஓடுவதில்லை.

விலங்கச்சத்திற்கு 1975இல் வந்த 'ஜாஸ்' ஒன்றே போதும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் செய்வித்த இயந்திரச் சுறா கடல்நீரில் இறங்கியதும் பழுதுபட்டுப் பழுதுபட்டு நின்றது. வேறு வழியின்றி அவர் சுறாவைக் காட்டாமலே கதையை நகர்த்தினார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நாம் காண்பது நீர்ப்பரப்பும் மிதவைகளும் ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டு சுர இசையுமே. இயந்திரம் ஒழுங்காக ஓடியிருந்தால் அது சாதாரண மீன் படமாகப் போயிருக்கும் என்பது நம் கணிப்பு. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினக் கரையில் கடல் ஏறி வந்ததை அறிந்த கடலூர் மாவட்டத்தாருக்கு, அமைதியான நீர் எப்படி அச்சுறுத்தும் என்பதை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறைந்திருப்பதே அஞ்ச வைக்கும் என்னும் இந்த உண்மை அரபு மொழியில் சொல்லின் வேரிலேயே பொதிந்திருக்கிறது. ஜீம், நூன், நூன் என்னும் மூன்றெழுத்து வேருக்கு மறைத்தல், மூடுதல் என்பது பொருள். கண்ணுக்கு மறைந்த படைப்பு ஜின். கருப்பையில் மறைந்த சிசு ஜனீன். அறிவு மூடப்பட்டவன் மஜ்னூன். மரங்களால் மூடப்பட்ட சோலை ஜன்னத். அமெரிக்கத் திகிற்படங்களில் தலைசிறந்தவை என்று நாம் கருதும் சிலவற்றை இந்த ஒரே வேர் அளந்துவிடுகிறது. ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த 'தி ஹாண்டிங்' படத்தில் பேய் ஒரு முறையேனும் கண்ணில் படுவதில்லை. பூட்டிய கதவு உட்புறமாகப் புடைத்து வளைகிறது, அவ்வளவே. இருட்டில் தோழியின் கையைப் பற்றிக்கொண்டு கிடந்த ஒரு பெண், விளக்கு எரிந்ததும் தோழி அறையின் மறுகோடியில் படுத்திருக்கக் காண்கிறாள். பற்றியிருந்த கை யாருடையது என்பதற்குப் படம் விடை தருவதில்லை. 1968இல் வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி'யிலோ ஜனீனே அச்சத்தின் இருப்பிடம். பிறந்த குழந்தையின் முகத்தை இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி கடைசிவரை காட்ட மறுத்துவிட்டார்.

இது மேனாட்டார் கண்டுபிடித்த உத்தி என்று எண்ணுகிறவர்கள் மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதையைப் படிக்கட்டும். புகார் நகரத்து இடுகாட்டிற்குள் சார்ங்கலன் என்னும் அந்தணச் சிறுவன் தனியே நுழைகிறான். சாத்தனார் உடனே பேயைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. நரியின் ஊளை, கூகையின் குரல், சிதைகள், தாழிகள் என்று ஓசையாலும் காட்சியாலும் அவ்விடத்தை முதலில் எழுப்புகிறார். அதன் பின்னரே பிணத்தின் தலையை ஏந்தி ஆடும் பேய். சிறுவன் ஓடிவந்து தாயிடம் கூறிவிட்டு உயிர் விடுகிறான். அச்சத்தாலேயே ஒரு பிள்ளை மடியும் இக்காட்சிக்கு நிகராக நாம் கண்ட எந்தப் படத்தையும் சொல்ல இயலவில்லை. ஏனெனில் அங்கே கதை பேயோடு முடியவில்லை. தெய்வத்தின் முன் நின்று மகனுயிரைத் திருப்பிக் கேட்கும் தாய் கோதமையோடு தொடர்கிறது.

தாய் என்றதும் 'தி எக்ஸார்ஸிஸ்ட்' நினைவுக்கு வருகிறது. வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கி 1973இல் வெளியான இப்படத்தைத்தான் உலகிலேயே மிக அஞ்சத்தக்கதென்று பலர் சொல்கிறார்கள். அதன் தொடக்கத்தில் ஒலிப்பது எது என்பதைப் பார்த்தவர்களே பலர் மறந்திருப்பார்கள். பாங்கு! வடக்கு ஈராக்கின் மண்மேட்டின் மேல் சூரியன் எழுகிறது, பாங்கோசை பரவுகிறது, முதிய பாதிரியார் ஒருவர் அகழ்வாய்வில் பசுசு என்னும் பழங்காலப் பூதத்தின் சிறு தலையைக் கண்டெடுக்கிறார். மோசுல் நகரத்துச் சுற்றுப்புறத்திலும் ஹத்ரா இடிபாடுகளிலும் இக்காட்சிகளை நேரிலேயே சென்று எடுத்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் சுபுஹு நேரத்து இருளில் நமக்குத் துணையாக வரும் அதே ஓசை, அமெரிக்க அரங்குகளில் 'இதோ தீங்கு புறப்படுகிறது' என்பதற்கு முன்னறிவிப்பாயிற்று. ஃப்ரீட்கின் பகைமையோடு செய்தார் என்று நாம் கூற மாட்டோம். அக்காட்சிகள் மரியாதையுடன், அழகாகவே அமைந்துள்ளன. ஆனால் அயலான் ஓசையை அச்சத்தின் வாசலில் கட்டித் தொங்கவிட்டால் அது காலத்துக்கும் அங்கேயே தொங்கும். பிற்காலத்து ஆங்கிலப் படங்களில் வெடிகுண்டுக் காட்சிக்கு முன் பாங்கொலி கேட்பது நமக்குப் பழகிப்போகவில்லையா? இன்னொரு வேடிக்கையும் உண்டு. பண்டைய மெசபொத்தேமியர் பசுசுவின் உருவத்தைத் தாயத்தாக அணிந்தது, கருவுற்ற பெண்களையும் பச்சிளங்குழந்தைகளையும் வருத்தும் லமஷ்து என்னும் அணங்கை விரட்டுவதற்காகவே. பிள்ளைகளுக்குக் காவலாக வைத்த பூதம் படத்தில் பிள்ளையையே பிடிக்கிறது.

தலை சுழல்வதும் பச்சை வாந்தியும் இன்று சிறுவர்களுக்குச் சிரிப்பை மூட்டுகின்றன. அஞ்சத்தக்க பகுதி வேறு. மருத்துவமனையில் சிறுமியைக் கட்டி வைத்து, கழுத்தில் ஊசி செலுத்தி, இரைச்சலிடும் கருவிகளின் கீழ்ச் சோதிக்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் தாய் நிற்கிறாள். ஒன்றும் அகப்படவில்லை. இறுதியில் மருத்துவர்களே பாதிரியாரிடம் போகச் சொல்கிறார்கள். கலை என்ற அளவில் அது பெரிய வெற்றி. ஆனால் நம் மக்களிடையே இக்கதை படத்தோடு நிற்பதில்லை. அறிவு கலங்கிய மகளை, தம்பியை, மனைவியை 'ஏதோ பிடித்திருக்கிறது' என்று ஊர் ஊராக அழைத்துத் திரியும் குடும்பங்களை நாம் அனைவரும் அறிவோம். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் விடுதி ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. மஜ்னூன் என்ற சொல்லை உருவாக்கிய மொழிதான் பக்தாதிலும் கெய்ரோவிலும் டமாஸ்கசிலும் மாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனைகளில் மனநோயாளருக்கென்று தனிப் பகுதிகள் அமைத்தவர்களின் மொழியும் என்பதை, இப்படத்தைக் காணும் பிள்ளைகளுக்கு வீட்டிலுள்ளோர் எடுத்துச் சொன்னால் நன்று.

கள்வரச்சத்தில் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை (1960) விஞ்சியது இன்றளவும் இல்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் திருடுவது கதாநாயகியே. 40,000 டாலருடன் ஓடுகிறாள். கறுப்புக் கண்ணாடிக் காவலர் காருக்குள் எட்டிப் பார்க்கையில் அவளோடு சேர்ந்து நாமும் நடுங்குகிறோம். அவள் மனம் மாறித் திரும்பிப் போகத் தீர்மானித்து, குளியலறையில் நீராடுகிற வேளையில்தான் கத்தி வருகிறது. அச்சம் தீர்ந்தது என்று நாம் மூச்சு விட்ட நொடியில் வருவதே அதன் கொடுமை. படம் கறுப்பு வெள்ளை. ஓடும் இரத்தம் சாக்லேட் பாகு. அக்காட்சிக்கு இசையே வேண்டாம் என்று முதலில் எண்ணியிருந்த ஹிட்ச்காக், பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை வீறிடச் செய்து காட்டியதும் இசைந்தார்.

தமிழில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) இரண்டும் இவ்வழியில் வந்தவை. பின்னது இளையராஜாவுக்கு நூறாவது படம். அதில் ஷோபா அடைபட்டிருக்கும் வீட்டின் நிசப்தம், வசனத்தையே நம்பி வாழ்ந்த நம் திரைக்குப் புதியது. எனினும் இரு படங்களும் கொலைஞனின் இளமைக்கால வேதனையை விளக்கிச் சொல்லிவிடுகின்றன. காரணம் தெரிந்ததும் அச்சம் இரக்கமாகக் கரைகிறது. 'சைக்கோ'விலும் இறுதியில் மனநல மருத்துவர் பேசும் நீண்ட விளக்கம் ஒரு சுமைதான்.

பேய்ப்படங்களில் நம்மவர் வேறு வழி கண்டார்கள்: நகையை அச்சத்தோடு கலந்தார்கள். ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) இதற்குச் சான்று. இதனை இழிவென்று ஒதுக்குவது சரியன்று. கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடிய பேய்கள் கூழட்டு உண்டு கூத்தாடுவதைச் சுவைத்த மரபு நம்முடையது. மேலும், அப்படத்தில் ஆவியாய் வருபவர்கள் ஒரு திருநங்கை, அவளுக்கு அடைக்கலம் தந்த ஒரு முஸ்லிம், மனவளர்ச்சி குன்றிய அவர் மகன். உயிரோடிருந்தபோது எவரும் செவிசாய்க்காத மூவர். பேயான பிறகுதான் அவர்களுக்கு வழக்காட முடிகிறது. சிரிப்பொலிக்கு நடுவே இது பலர் காதில் விழவில்லை.

தம் இறை பற்றிய அச்சத்தை ஹாலிவுட் அரிதாகவே தொட்டது. தொட்டபோது அதன் உச்சத்தையும் தொட்டது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்'கில் (1980) பனி சூழ்ந்த விடுதியில் கோடரியுடன் சிறுவனைத் துரத்துகிறவன் பெற்ற தகப்பன். 'ரோஸ்மேரிஸ் பேபி'யில் மனைவியை விற்றவன் கணவன். வெளியிலிருந்து வருவதற்குத் தாழ்ப்பாள் உண்டு. உள்ளேயே இருப்பதற்கு எந்தத் தாழ்ப்பாள்?

ஆயினும் நம் நெஞ்சை விட்டு அகலாதது, ஹாலிவுட்டுக்கு வெளியே பிட்ஸ்பர்க் நகரத்தில் சிறு முதலீட்டில் உருவாகி 1968 அக்டோபரில் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. அதில் பிணந்தின்னும் உருவங்களை 'கூல்' என்கிறார்கள். அது நம் அரபுச் சொல்லே. பாலைவழியில் பயணிகளை வழிமாற்றி உண்ணும் பூதத்தைப் பழைய அரபுகள் அப்பெயரால் அழைத்தார்கள். ஆயிரத்தொரு இரவுகளின் வழியே ஐரோப்பா சென்று, அமெரிக்கா போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜார்ஜ் ரொமெரோ இயக்கிய இப்படத்தின் நாயகன் பென் ஒரு கறுப்பினத்தான். பண்ணை வீட்டில் அடைபட்டவர்கள் ஒவ்வொருவராக மாள, இரவு முழுதும் போராடித் தப்பிப் பிழைப்பவன் அவன் ஒருவனே. பொழுது விடிகிறது. மீட்க வந்த துப்பாக்கிப் படையினரின் அரவம் கேட்டு அவன் சன்னலோரம் வந்து பார்க்கிறான். அவர்களில் ஒருவன் அவனையும் பூதமென்றே கருதி நெற்றியில் சுட்டுவிடுகிறான். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அணங்கில் தொடங்கிய படம் தம் இறையில் வந்து முடிகிறது.  அதன் பிறகு செய்தித்தாளில் வரும் மங்கிய நிழற்படங்களைப் போன்ற அசையாப் படங்கள் தொடர்கின்றன. இறைச்சிக் கொக்கிகளால் அவன் உடலைத் தூக்கி, பூதங்களின் பிணங்களோடு விறகில் அடுக்குகிறார்கள். நடித்தவர்களின் பெயர்கள் அப்படங்களின் மேல்தான் ஓடுகின்றன.