மேட்டிலும் மூச்சு வாங்காமல்

பாரிஸின் ரிவோலி சாலை லூவர் அருங்காட்சியகத்தை ஒட்டிச் செல்கிறது. 2020 மே மாதம், ஊரடங்கு தளர்ந்த கையோடு, மேயர் ஆன் இதால்கோவின் நிர்வாகம் அந்தச் சாலையின் பெரும்பகுதியைச் சைக்கிள்களுக்குக் கொடுத்தது. கார்கள் நெருக்கியடித்த இடம் அது!

அங்கே ஓடும் வெலிப் வாடகை சைக்கிள்களில் பச்சை நிறம் சாதாரண வகை. நீலம் மின்சார வகை. மின்சாரம் என்றதும் ஸ்கூட்டர் என்று எண்ணிவிட வேண்டாம். மிதித்தால்தான் மோட்டார் கைகொடுக்கும். ஐரோப்பிய விதிப்படி அதன் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். பிறகு கால்தான் கதி. முதல் மிதியிலேயே, யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் வண்டி முன்னே பாய்கிற அந்தக் கணம் அலாதியானது.

மோன்மார்த்ர் குன்றின் ஏற்றம்கூட அப்போது மலைப்பாகத் தெரிவதில்லை.

ஆனால் மோட்டார் மட்டும் போதாது. லாரி உரசிப் போகும் சாலையில் எந்தச் சைக்கிளை எடுக்கவும் மனம் வராது. நியூயார்க் 2007இல் ஒன்பதாம் அவென்யூவில் இதற்கு அழகான வழி கண்டது: சைக்கிள் பாதையை நடைபாதையின் ஓரத்துக்கு நகர்த்தி, நிறுத்திவைத்த கார்களின் வரிசையையே அரணாக்கியது.